‘அவசரம் லேது’ என்றால் என்ன?

(வேலை தேடும் இளைஞர்களுக்காக ஊத்துக்கோட்டையில் நடந்த பயிற்சி வகுப்பின் முதல் நாளில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். வாசலில் நிற்கிற தம்பிகள் உள்ளே வந்து உட்காருங்கள். முன்வரிசை காலியாகத்தான் இருக்கிறது. முன்னால் உட்கார்ந்தால் கேள்வி கேட்பார்கள் என்ற பயம் எனக்கும் இருந்தது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்த இரண்டு வருடமும் கடைசி பெஞ்சில்தான் இருந்தேன். அப்புறம் நானே ஐ.டி.ஐ. வாத்தியாராகி, கடைசி பெஞ்சாகப் பார்த்துக் கேள்வி கேட்டேன். பழிவாங்கல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் சத்தியவேடு. என் அப்பா பள்ளிக்கூடம் போன காலத்தில் அது செங்கல்பட்டு மாவட்டம். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி இந்தப் பக்கம், தமிழ்நாட்டுக்கு வந்தது, எங்கள் ஊர் அந்தப் பக்கம், ஆந்திராவுக்குப் போனது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, கடைத்தெருவில் இரண்டும் கலந்து. உங்களில் பாதிப்பேர் வீட்டிலும் இதே கதைதான் இருக்கும்.

2008-ல் ஆந்திராவில் தடா பக்கம் ஸ்ரீசிட்டி என்கிற தொழில் நகரம் வந்தது. கார், ஏ.சி., சாக்லேட், செல்போன் என்று ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. இந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட் ஏற்கெனவே இருக்கிறது. விடியற்காலையில் கம்பெனி பஸ்கள் ஊர் ஊராக ஆள் ஏற்றிக்கொண்டு போகின்றன. அப்படியும் நம் தெருவில் பையன்கள் சும்மா இருக்கிறார்கள். ‘வேலையே கிடைக்கவில்லை’ என்கிறவர்களைக் கொஞ்சம் உட்காரவைத்துப் பேசினால், பலர் ஒரு முறையோ இரண்டு முறையோ வேலைக்குப் போய் வந்தவர்கள். மூன்று மாதம் தாண்டவில்லை, அவ்வளவுதான். தப்பு முழுக்கப் பையன்கள் மேல் என்று சொல்ல மாட்டேன். கான்ட்ராக்டில் எடுத்து, ஆர்டர் குறைந்தால் வீட்டுக்கு அனுப்புகிற வழக்கத்தை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் நின்றுபோனவர்களில் நிறையப் பேரை யாரும் அனுப்பவில்லை. அவர்களாகவே போகாமல் விட்டார்கள்.

ஏன் என்பதற்கு ஒரு பையனின் கதை சொல்கிறேன். என்னிடம் படித்தவன், நல்ல கை. அரத்தைப் பிடித்தால் தேய்ப்பு அவ்வளவு சமமாக வரும். ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து இரண்டாவது வாரம். லைன் ஓரத்தில் ஒரு பெட்டி நிறைய பிளாஸ்டிக் மூடிகள். சூப்பர்வைசர் தெலுங்குக்காரர். போகிற போக்கில் பெட்டியைக் காட்டி, ‘இவி அவசரம் லேது’ என்றார். இவன் தலையாட்டினான். நமக்கு அவசரம் என்றால் அவசரம். சரி, மெதுவாகச் செய்யலாம் போலிருக்கிறது என்று நினைத்து, மற்ற வேலையை முடித்துவிட்டு, மத்தியானம் அந்த மூடிகளையெல்லாம் ஒழுங்காக லைனில் ஏற்றிவிட்டான். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. ‘இவை வேண்டாம்’ என்றுதான் அவர் சொன்னது. அத்தனையும் ரிஜெக்ட் ஆன மூடிகள். லைன் நின்றது, நாலு பேருக்கு முன்னால் திட்டு விழுந்தது. மறுநாள் இவன் போகவில்லை. போனை அணைத்துவைத்துவிட்டு ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டான்.

தெலுங்கு தெரியாதது ஒரு குற்றமே இல்லை, ஆறு மாதத்தில் தானாக வந்துவிடும். அவன் தலையாட்டினானே, அதுதான் விஷயம். ‘சார், புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்’ என்று கேட்க மூன்று விநாடி போதும். அந்த மூன்று விநாடி வெட்கத்துக்காக ஒரு வேலை போனது. இதில் நம் பள்ளிக்கூடங்களுக்கும் பங்கு உண்டு. என்னையும் சேர்த்தே சொல்கிறேன். ‘புரிகிறதா?’ என்று வாத்தியார் கேட்டால் ‘புரிகிறது சார்’ என்று கோரஸாகச் சொல்லித்தானே பழகியிருக்கிறோம்? புரியவில்லை என்று எழுந்து நின்றவனை நாங்கள் எப்படி நடத்தினோம் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இந்த வகுப்பில் ‘வாழ்க்கைத் திறன்’ என்று ஒரு பாடம் நடக்கும். உலக சுகாதார நிறுவனம் 1990-களில் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பத்துத் திறன்களைப் பட்டியல் போட்டது. தன்னை அறிவது, முடிவெடுப்பது, அடுத்தவர் நிலையில் நின்று பார்ப்பது, மன அழுத்தத்தைத் தாங்குவது என்று போகும். நல்ல பட்டியல்தான். ஆனால் அதைச் சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டுவதோடு பல இடங்களில் கதை முடிந்துவிடுகிறது. அதைவிட மோசம் அந்தச் சுய அறிமுகம். ‘மை ஹாபி இஸ் ரீடிங் புக்ஸ்’ என்று முப்பது பேரும் ஒப்பிப்பார்கள். எந்தப் புத்தகம் என்று கேட்டால் முப்பது பேரும் தரையைப் பார்ப்பார்கள்.

போன வருடம் ஒரு வகுப்பில் அப்படி ஒப்பித்த ஒரு தம்பியை நிறுத்தி, ‘நேற்று என்ன செய்தாய், தமிழில் சொல்’ என்றேன். ‘சும்மாதான் சார் இருந்தேன்’ என்றான். விடாமல் கேட்டேன். மாமாவோடு போய் ஒரு போர்வெல்லில் மோட்டார் தூக்கினானாம். முக்காலி நட்டு, கப்பியில் செயின் போட்டு, இருநூறு அடி பைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒரு பைப் கழற்றும்போது மீதியெல்லாம் நழுவிக் கிணற்றுக்குள் போகாமல் கிளாம்ப் போட்டுப் பிடித்து, வயர் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கியிருந்ததைக் கண்டுபிடித்து, மறுபடி டேப் சுற்றி இறக்கியிருக்கிறார்கள். ‘மோட்டார் சத்தத்தை வைத்தே ஜாயின்ட்டுதான் என்று சொல்லிவிட்டேன்’ என்றான். இதற்குப் பெயர் சும்மா இருந்ததா? நேர்காணலில் உட்கார்ந்திருப்பவர் கேட்க விரும்புவது இதைத்தான். ஹாபியை யார் கேட்டார்கள்!

வந்திருக்கிற அம்மா அப்பாக்களுக்கும் இதில் ஒரு வார்த்தை உண்டு. ‘வெட்டியாக இருக்கிறான்’ என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லாதீர்கள். கேட்டுக் கேட்டு அவனும் அதையே சொல்லப் பழகிவிடுகிறான்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்திருக்கிறீர்களா? பதியாதவர்கள் பதிந்துவிடுங்கள், புதுப்பிக்கவும் மறக்காதீர்கள். ஐந்து வருடம் காத்திருந்தால் உதவித்தொகை உண்டு. பத்தாவது தேறியவருக்கு மாதம் 300 ரூபாய், பன்னிரண்டாவதுக்கு 400, பட்டதாரிக்கு 600. கம்பெனிக்குப் போய் வர பஸ் செலவுக்கே பற்றாது. ஆகவே பதிந்துவிட்டு அதை நம்பிக்கொண்டு இருக்காதீர்கள்.

அடுத்து, சம்பளச் சீட்டு. கையில் வாங்கியதும் கடைசி வரியை மட்டும் பார்க்கிறீர்கள். நடுவில் பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதி என்று இருக்கும், அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம். அடிப்படை 10,000 என்றால் 1,200 பிடிப்பார்கள். முதலாளியும் அதே அளவு போட வேண்டும். இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டில் உங்கள் பங்கு 0.75 சதவீதம். 14,000 சம்பளத்துக்கு 105 ரூபாய். அதற்கு உங்களுக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் வைத்தியம் கிடைக்கும். பி.எஃப்.புக்கு யு.ஏ.என். என்று 12 இலக்க எண் தருவார்கள். கம்பெனி மாறினாலும் அந்த எண் மாறாது. ஒவ்வொரு இடத்திலும் புது எண் வாங்கிக்கொண்டு, பழைய பணத்தை மறந்துவிட்ட பையன்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். பிடித்தம் இருந்து எண் தரவில்லை என்றால் கேளுங்கள். இதற்கும் வாயைத் திறக்கத்தான் வேண்டும்.

வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவனிடம் போகாதீர்கள். அசல் மார்க் ஷீட்டை யார் கேட்டாலும் கொடுத்துவிட்டு வராதீர்கள், காட்டிவிட்டு நகலைக் கொடுங்கள். என் தங்கை மகன் ஒரு ஏஜென்டிடம் கொடுத்துவிட்டு, அதைத் திரும்ப வாங்க எட்டு மாதம் அலைந்தான். அதற்குள் வேறு ஒரு வேலை கைநழுவிப் போனது.

தங்கச்சிகளுக்கு ஒன்று. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பாலியல் தொல்லை பற்றிப் புகார் வாங்க உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். 2013-ஆம் வருடச் சட்டம். வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிரச்சினை வந்தபிறகு தேட வேண்டியதில்லை.

சரி, பேசியது போதும். காலை ஐந்தரை மணிக்கு கம்பெனி பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலரைக்கு எழுந்தால் காய்ச்சல் அடிக்கிறது. நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? போனை அணைத்துவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார்கள். அங்கே லைனில் ஓர் இடம் காலி, பக்கத்தில் இருப்பவன் இரண்டு பேர் வேலையைச் செய்கிறான். மூன்றாவது நாள் போய் நிற்கும்போது யாரும் முகம் கொடுக்க மாட்டார்கள். அதோடு வேலை முடிந்தது. இத்தனைக்கும் தேவைப்பட்டது ஒரு நிமிட போன்.

அந்த போனை இப்போதே பேசிப் பார்க்கலாம். மேசையில் என் போன் இருக்கிறது, நான்தான் சூப்பர்வைசர். ஒவ்வொருவராக வந்து, காய்ச்சல், இன்று வர முடியாது, எப்போது வருவேன் என்று சொல்ல வேண்டும். நான் தெலுங்கில்தான் பேசுவேன், வேகமாகவும் பேசுவேன். புரியாத இடத்தில் என்னை நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் தலையாட்டினால் மறுபடி முதலிலிருந்து. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், அவர்கள் முறையும் வரும்.

அந்தப் பச்சைச் சட்டை தம்பி, நீதான் முதல். வா. நம்பரைப் போட்டாயிற்றா? ஹலோ... எவரு மாட்லாடேதி?