மார்பக ஆபரேஷனுக்குப் பிறகு: கண்ணாடியை இப்போதைக்கு நம்பாதீர்கள்

வணக்கம் மக்களே. கேமரா இன்றைக்குக் கொஞ்சம் தாழ்வாக இருக்கும். ஸ்டாண்டை உயர்த்த வேண்டுமானால் கையைத் தோளுக்கு மேல் தூக்க வேண்டும். அதற்கு எனக்கு இன்னும் அனுமதி இல்லை. அதனால் என் தாடையைத்தான் அதிகம் பார்ப்பீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும், மார்பகத்தைப் பெரிதாக்கும் ஆபரேஷன் முடிந்துவிட்டது. சிலிக்கோன் இம்பிளாண்ட், அதாவது உள்ளே வைக்கிற சிலிக்கோன் பை. வெட்டு, மார்பகத்துக்கு அடியில் இருக்கிற மடிப்பில். இம்பிளாண்டின் மேல் பாதி நெஞ்சுத் தசைக்குக் கீழேயும், கீழ்ப் பாதி தசைக்கு வெளியேயும் இருக்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். இதை டூயல் பிளேன் என்பார்கள். அளவு எத்தனை சிசி என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். வெட்கம் எல்லாம் இல்லை. ஒரே 350 சிசி ஒடுங்கிய நெஞ்சில் பெரிதாகத் தெரியும், அகன்ற நெஞ்சில் இருக்கிற இடமே தெரியாது. நம்பரைக் குறித்துக்கொண்டு போய் "எனக்கும் இதையே வையுங்கள்" என்று டாக்டர் முன்னால் உட்காருகிறவர்கள் நிறையப் பேர். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

நான் டாக்டர் இல்லை. உங்கள் சர்ஜன் சொல்வதும் நான் சொல்வதும் மோதினால் அவர் சொல்வதைக் கேளுங்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் நான் பார்த்த ரிகவரி வீடியோக்களில் பெரும்பாலானவை திருநங்கை அல்லாத பெண்கள் போட்டவை. நல்ல வீடியோக்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அவர்கள் சொன்னதில் பாதிதான் திருநங்கைகளான நமக்குப் பொருந்தும். பொருந்தாத அந்த மீதிப் பாதிதான் ராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்கும். "அவளுக்கு இந்நேரம் இறங்கிவிட்டதே, எனக்கு ஏன் இன்னும் கழுத்துக்குக் கீழேயே நிற்கிறது?" என்று போனை வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்போம்.

காரணம் உடம்பின் அமைப்பு. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனோடு பருவம் கடந்த உடம்பில் நெஞ்சுக்கூடு அகலமாக இருக்கும், நெஞ்சுத் தசை தடிமனாக இருக்கும், தோல் இறுக்கமாக இருக்கும். காம்பைச் சுற்றிய வட்டம் சிறியது, காம்பும் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி இருக்கும். முக்கியமாக, காம்புக்கும் அடி மடிப்புக்கும் நடுவில் இருக்கிற தூரம் குறைவு. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் எடுக்கத் தொடங்கினால் 3 முதல் 6 மாதத்தில் மார்பகம் வளரத் தொடங்கும், முழு வளர்ச்சிக்கு 2 முதல் 3 வருடம்கூட ஆகும். அந்த வளர்ச்சிதான் இம்பிளாண்டை மூடுவதற்கான சதையையும் தோலையும் தருகிறது. திருநர்களின் சிகிச்சைக்கு வழிகாட்டி வெளியிடுகிற சர்வதேச அமைப்பான டபிள்யூபாத்தின் ஏழாவது வழிகாட்டிப் பதிப்பு, 12 மாதமாவது ஹார்மோன் எடுத்துவிட்டு இந்த ஆபரேஷனுக்குப் போவது நல்லது என்றது. 2022-ல் வந்த எட்டாவது பதிப்பில் பெரியவர்களுக்குக் குறைந்தது 6 மாதம் என்று இருக்கிறது. அவசரப்படாதவர்களுக்குப் பலன் கூடுதல் என்பது என் அபிப்பிராயம்.

இறுக்கமான தோல், தடித்த தசை. இதற்குள் ஒன்றை நுழைத்தால் அது மேலேதானே நிற்கும்? எல்லாருக்குமே முதலில் மேலேதான் நிற்கும், சதுரமாகத் தெரியும், தோல் பளபளவென்று இருக்கும். பிறகு தசை தளர்ந்து கீழ்ப்பக்கம் நிரம்பி வடிவத்துக்கு வர 3 முதல் 6 மாதம் பிடிக்கும். நமக்கு அதில் ஆறு மாதம்தான் வாய்க்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றாக இறங்காது. ஒன்று முந்தும், மற்றது பிடிவாதம் பிடிக்கும். எனக்கு இடதுதான் பிடிவாதம். இந்த நிலையில் கண்ணாடி முன் நின்று தீர்ப்பு எழுதக் கூடாது.

நடுவில் இருக்கிற இடைவெளி மட்டும் வேறு கதை, அது காலப்போக்கில் மூடிக்கொள்ளாது. காம்பு பக்கவாட்டில் இருக்கிறது. அதற்கு நேர் பின்னால்தான் இம்பிளாண்ட் உட்கார வேண்டும். நடுவே நெருக்கமாக வேண்டும் என்று இரண்டையும் உள்பக்கம் தள்ளினால் காம்புகள் வெளியே பார்க்கும். ரொம்பத் தள்ளினால் இம்பிளாண்ட் உட்காருகிற இரண்டு அறைகளும் நடுவில் ஒன்றாகிவிடுகிற ஆபத்தும் உண்டு, அதைச் சரிசெய்ய இன்னொரு ஆபரேஷன் வேண்டும். இடைவெளியை மறைக்க பிரா இருக்கிறது. போதும்.

முதல் சில நாள் வலி. கத்தி பட்ட இடத்தில் வலிக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. நெஞ்சில் ஒரு ஆள் ஏறி உட்கார்ந்திருக்கிற மாதிரி பாரம். மூச்சை இழுத்தால் அந்த ஆளும் சேர்ந்து அழுத்துவார். விடியற்காலையில்தான் மோசம், ராத்திரி முழுக்க அசையாமல் கிடந்து தசை விறைத்துப் போயிருக்கும். எழுந்து கொஞ்சம் நடந்தால் விடும். நடுநடுவே தசை திடீரென்று சுண்டி இழுக்கும்.

படுக்கையில் இருந்து எழுவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மல்லாந்துதான் படுக்கணும், தலையும் முதுகும் உயர்ந்து இருக்கணும். எழுந்திருக்கும்போது நம்மை அறியாமல் உள்ளங்கையை மெத்தையில் ஊன்றுவோம். அந்த ஒரு நொடியில் நெஞ்சுத் தசை மொத்தமும் சுருங்கி, உள்ளே இருப்பதை வெளிப்பக்கம் தள்ளும். தள்ளுவது நன்றாகவே தெரியும். நமக்குத் தசை பெரிது என்பதால் தள்ளலும் பெரிது. அதனால் இப்படிச் செய்யுங்கள். கைகளைக் குறுக்காக மடித்துத் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள், அப்போது கை தானாக ஊன்றப் போகாது. முழங்காலை மடக்கி, இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே விட்டு, காலின் பாரத்திலும் வயிற்றின் பலத்திலும் நிமிருங்கள். ஆபரேஷனுக்கு முன்பே பழகிவிட்டால் நல்லது, மயக்க மருந்து தெளியாத தலையோடு கற்றுக்கொள்கிற வித்தை இல்லை இது.

ஒரு நிமிஷம், தலையணை நழுவுகிறது. ஆங், சரி.

வீட்டில் அன்றாடம் தேவைப்படுகிற எல்லாவற்றையும் இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இருக்கிற உயரத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பாட்டில் மூடிகளை முன்கூட்டியே தளர்த்தி வையுங்கள். மூடி திருகுவதற்கு நெஞ்சுத் தசை இவ்வளவு வேலை செய்கிறது என்று எனக்கு இதற்கு முன் தெரியாது. முன்பக்கம் பட்டன் வைத்த சட்டைகள் எடுத்து வையுங்கள். சர்ஜிக்கல் பிராவை டாக்டர் சொல்லும் வரை ராத்திரியும் கழற்றக் கூடாது, கம்பி வைத்த பிராவை 6 வாரத்துக்கு நினைக்கவே வேண்டாம். பாரம் தூக்குவதும் கடுமையான உடற்பயிற்சியும் பொதுவாக 4 முதல் 6 வாரம் கழித்துத்தான். மெல்ல நடப்பது மட்டும் முதல் நாளே வேண்டும், காலில் ரத்தம் உறையாமல் இருக்க.

அப்புறம், மற்ற வீடியோக்களில் வராத ஒன்று. சவரம். லேசரால் தாடியை நீக்கி முடித்தவர்கள் சிரித்துக்கொண்டே கடந்து போகலாம். முடிக்காதவர்கள் கேளுங்கள். இத்தனை வருடம் ஆசைப்பட்ட மார்பு வந்துவிட்டது, மேலே தாடி முளைக்கிறது, கை தூக்க முடியவில்லை. இந்தக் கூத்தை நினைத்து நான் சிரித்ததில் தையல் இழுத்தது. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து கன்னத்தைக் கைக்குக் கொண்டுவந்து, எலக்ட்ரிக் ஷேவரால் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். முடிந்தால் ஆபரேஷனுக்கு முன்பே ஒரு லேசர் அமர்வை முடித்துவிடுங்கள்.

மலச்சிக்கல். ஆமாம், சொல்லியே ஆகணும். வலுவான வலி மாத்திரைகள் குடலை மந்தமாக்கிவிடும். முக்கினால் நெஞ்சும் சேர்ந்து இறுகும். தண்ணீர் நிறையக் குடியுங்கள், மலம் இளக்கும் மருந்தை மாத்திரைச் சீட்டிலேயே சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

ஹார்மோன் பற்றி எல்லாரும் கேட்கிறீர்கள். ரத்தம் உறைந்துவிடுமோ என்ற பயத்தால் ஆபரேஷனுக்கு முன் ஈஸ்ட்ரோஜனை நிறுத்தச் சொல்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள், தொடரச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம். நிறுத்தினால் மனசு தடுமாறும் என்பதை மட்டும் உங்களோடு இருப்பவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். சிகரெட்டை ஒரு மாதம் முன்பே விட்டுவிடுங்கள். நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்கும், காயம் ஆறாது.

உடம்பில் சில வேடிக்கைகள் நடக்கும். குனிந்தால் உள்ளே இருந்து சளக் என்று ஒரு சத்தம் வரும். அறைக்குள் மிச்சம் இருக்கிற காற்றும் நீரும்தான் அது, உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். காம்பு மரத்துப் போயிருக்கும், இல்லாவிட்டால் சட்டைத் துணி பட்டாலே கூசும். திடீரென்று கரண்ட் அடித்த மாதிரி சுளீர் என்று ஒரு இழுப்பு வரும். நரம்பு விழிக்கிறது. உணர்ச்சி திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம், சிலருக்கு முழுதாகத் திரும்பாமலும் போகலாம். கையெழுத்துப் போடும் முன்பே மனசில் வாங்கிக்கொள்ள வேண்டிய விஷயம் அது.

இப்போது நான் சொல்ல வந்ததில் முக்கியமான இடம். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு சாயங்காலம் காரணமே இல்லாமல் அழுதேன். மயக்க மருந்து, தூக்கமின்மை, வலி மாத்திரை, எல்லாம் சேர்ந்தால் யாருக்கும் வரக்கூடிய சோர்வு. ஆனால் மற்ற பெண்கள் அழுதால் "ஆபரேஷன் ஆகியிருக்கிறது, பாவம்" என்பார்கள். நாம் அழுதால் "பார், வருத்தப்படுகிறாள்" என்பார்கள். இந்த ஆபரேஷனுக்காக எத்தனை பேரிடம் நம்மை நிரூபித்துவிட்டு வந்திருக்கிறோம்! மனநல மருத்துவரின் கடிதம், வீட்டாரின் கேள்விகள், எல்லாவற்றுக்கும் "எனக்குச் சந்தேகமே இல்லை" என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். அதனால் வலிக்கிறது என்று சொல்லக்கூட வாய் வராது. எனக்கு வரவில்லை. நர்ஸ் வலி எவ்வளவு என்று கேட்டபோது சிரித்துக்கொண்டே குறைத்துச் சொன்னேன்.

இதில் ஆபத்து இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறேன். ஒரு பக்கம் மட்டும் வேகமாக வீங்கி, கல் மாதிரி இறுகி, வலி ஏறிக்கொண்டே போனால் அது உள்ளே ரத்தம் கட்டுவதாக இருக்கலாம். பெரும்பாலும் முதல் ஓரிரு நாளில் வரும், உடனே திறந்து எடுக்க வேண்டியிருக்கும். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது, சிவப்பு பரவுவது, தையலில் சீழ், இதெல்லாம் தொற்று. ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், போன் போட்டுக் கேட்டுக்கொண்டு இருக்காதீர்கள், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். வலியைச் சொல்வதால் நீங்கள் பெண் இல்லை என்று ஆகிவிடாது. அப்படி நினைக்கிறவர் யாராக இருந்தாலும் அது அவர் பிரச்சினை.

பின்னாளில் பார்க்க வேண்டியது, இம்பிளாண்டைச் சுற்றி உடம்பு கட்டுகிற உறை. எல்லாருக்கும் உறை உண்டு, சிலருக்கு அது தடித்து இறுகும். டாக்டர்கள் பேக்கர் அளவில் 1 முதல் 4 வரை பிரிப்பார்கள். 3 என்றால் கடினமாகி வடிவம் மாறுவது கண்ணுக்கே தெரியும், 4-ல் வலியும் சேரும். மசாஜ் செய்யலாமா என்றால், உங்கள் சர்ஜன் சொன்னால் மட்டும்.

இம்பிளாண்ட் அட்டையைப் பத்திரமாக வையுங்கள். பிராண்டு, மாடல், சீரியல் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகை சொரசொரப்பு இம்பிளாண்டுகளை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது, அரிதான ஒரு லிம்போமா புற்றுநோயோடு தொடர்பு தெரிந்ததால். அட்டை கையில் இருந்தவர்களுக்குத் தங்களிடம் இருப்பது எது என்று பார்த்ததும் தெரிந்திருக்கும். அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவப் பொருட்களையும் கண்காணிக்கிற எஃப்டிஏ, சிலிக்கோன் வைத்தவர்கள் 5 முதல் 6 வருடத்தில் ஒரு ஸ்கேனும் பிறகு 2 முதல் 3 வருடத்துக்கு ஒன்றும் எடுக்கச் சொல்கிறது, ஏனென்றால் உள்ளே கிழிந்தால் வெளியே தெரியாமல் இருக்கலாம். இது ஆயுள் முழுக்க இருக்கிற பொருளும் இல்லை.

இதோடு சேர்த்து ஒன்று. இம்பிளாண்ட் வேறு, திரவ சிலிக்கோன் ஊசி வேறு. யாரோ ஒருவர் ஒரு அறையில் வைத்து மலிவாகப் போட்டுவிடுகிறேன் என்றால் ஓடிவிடுங்கள். அது உடம்பில் நகரும், ரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைக்கும், உயிரே போயிருக்கிறது. இதில் நான் கடுமையாகத்தான் பேசுவேன்.

கடைசியாக, மார்பகப் புற்றுநோயைக் கண்டறியும் எக்ஸ்ரேயான மாமோகிராம் எடுக்கலாமா என்று கேட்டிருந்தவருக்கு: எடுக்கலாம். வருடக்கணக்கில் ஹார்மோன் எடுத்த திருநங்கைகளுக்கும் வயதுக்கு ஏற்ப அந்தப் பரிசோதனை தேவைப்படும், எப்போது என்பதை டாக்டரிடம் கேளுங்கள். படம் எடுப்பவரிடம் இம்பிளாண்ட் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லுங்கள். இம்பிளாண்டைப் பின்னால் தள்ளிவிட்டு மார்பகத் திசுவை மட்டும் முன்னால் இழுத்து எடுக்கிற தனிக் கோணங்கள் உண்டு, அதற்குக் கூடுதல் நேரம் ஆகும். தழும்பு பற்றி அடுத்த வீடியோவில் பேசுகிறேன், காயம் முழுதாக மூடட்டும். வருகிறேன்.