பட்டறை முந்தியா, படுக்கையறை முந்தியா?

நேயர்களுக்கு வணக்கம். அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு விசைத்தறிச் சத்தத்தை நான் விளக்க வேண்டியதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நாலு தறி ஓடினால் இந்தப் பக்கம் சொம்புத் தண்ணீர் நடுங்கும். சண்டை வந்தால் இரண்டே வசனம். “உனக்கு முன்னாலயே நாங்க தறி போட்டாச்சு.” “அதுக்காக மனுஷன் தூங்க வேண்டாமா?”

இதே சண்டைக்கு லண்டனில் 1879-ல் தீர்ப்பு வந்திருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த வழக்கு, நிதானமாகவே சொல்கிறேன். விக்மோர் தெருவில் ஒரு மிட்டாய்க்காரர். பின்கட்டில் பெரிய உரல்கள். இருபது வருஷத்துக்கு மேலாக இடி இடியென்று இடிக்கிறார். பக்கத்து வீட்டுக்கு ஒரு டாக்டர் வந்தார். வந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. எட்டு வருஷம் கழித்து, தோட்டக் கோடியில், அந்தச் சமையற்கட்டுச் சுவரை ஒட்டியே நோயாளிகளைப் பார்க்க ஓர் அறை கட்டினார். எங்கே கட்டினார் பாருங்கள்! நெஞ்சொலி கேட்கப் போனால் உரல்தான் கேட்கிறது.

ஜெயித்தது டாக்டர். அறை கட்டும்வரை அந்தச் சத்தம் வழக்குப் போடும் அளவுக்குத் தொல்லையே இல்லை, அதனால் இருபது வருஷம் தடையில்லாமல் செய்துவந்தால் அதுவே உரிமையாகிவிடும் என்கிற அனுபோகக் கணக்கு தொடங்கவே இல்லை என்றது நீதிமன்றம். முந்தி வந்தேன் என்ற பேச்சு எடுபடவில்லை. தறிக்காரர்களே, எடுபடவில்லை.

1960-ல் இந்த வழக்கைக் கையிலெடுத்தார் ரொனால்ட் கோஸ். 1991-ல் பொருளியல் நோபல் வாங்கியவர். உரல் டாக்டருக்குத் தொல்லை, சரி. உரலை நிறுத்தச் சொன்னால் அது மிட்டாய்க்காரருக்குத் தொல்லை இல்லையா என்று கேட்டார். ராத்திரி தறியை நிறுத்தினால் மாசம் பத்தாயிரம் நஷ்டம், பக்கத்து வீட்டுக்காரர் படுக்கையை முன்னறைக்கு மாற்றினால் மூவாயிரம் மாதிரிச் சிரமம் என்று வையுங்கள். உட்கார்ந்து பேச முடிந்தால், சட்டம் யார் பக்கம் இருந்தாலும் தறி ஓடும், படுக்கைதான் நகரும். அந்த மூவாயிரம் யார் தலையில் என்பதைத்தான் சட்டம் முடிவு செய்யும். நம் ஊரில் பேசுவதற்குள் போலீஸ் ஸ்டேஷன் போய்விடுகிறோம், அது வேறு கதை.

ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளைப் பற்றித்தான் அதிகம் பேச வந்தேன், கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஒரே வரி. கழிவுநீர் நாற்றம் ஊருக்கே அடித்தால் யார் யாரோடு பேரம் பேசுவது? அங்கே கோட்டாட்சியரிடம் மனுதான் வழி. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்கு 133-ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து வந்த புதுச் சட்டத்தில் 152-ஆம் பிரிவு. எந்த நேரம், எத்தனை வீடு, எந்தக் கிணறு என்று மனுவில் எழுதுங்கள். வணக்கம்.