பனித்துளி போடும் சத்தம்

நேயர்களுக்கு வணக்கம். நான் திருவொற்றியூர்க்காரன், கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். மார்கழியில் விடிவதற்கு முன் எண்ணூர்ப் பக்கம் நடந்திருக்கிறீர்களா? அங்கே ஹைடென்ஷன் டவர்களுக்குக் கீழே நின்றால், காய்ந்த எண்ணெயில் வடகம் போட்ட மாதிரி தலைக்கு மேல் ஒரு சத்தம் பொரியும். "தாத்தா, கம்பி பேசுது" என்றாள் என் பேத்தி. பேசியது கம்பி இல்லை, அதில் தொங்கிய பனித்துளி.

துளி எப்போதும் தன் மேற்பரப்பைச் சுருக்கிக்கொள்ளத்தான் பார்க்கும். உருண்டையாக இருப்பதே அதனால்தான். கம்பியைச் சுற்றி மின்சாரத்தின் இழுவிசை பரவியிருக்கும் இடம் மின்புலம், அது துளியைப் பிடித்து வெளியே இழுக்கிறது. இழுபட்ட துளியின் முனை கூராகிறது. கூரான இடத்தில் மின்புலம் இன்னும் வலுக்கிறது. முனை இன்னும் கூராகிறது. ஒரு கட்டத்தில் அங்கிருக்கும் காற்றே தாங்காமல் மின்சாரத்தைக் கசியவிடும். பொரிவது அதுதான். காது கொடுத்துக் கேட்டால் அடியில் ஒரு ரீங்காரமும் இருக்கும். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றில் மின்புலம் இரண்டு பக்கமும் திரும்பும். எந்தப் பக்கம் திரும்பினாலும் துளிக்கு இழுப்பு இழுப்புதான், அதனால் அது விநாடிக்கு 100 முறை நீண்டு சுருங்கும்.

சரி, தொங்கும் துளியை விடுவோம், ஒரு பரப்பின் மேல் உட்கார்ந்திருக்கும் துளிக்கு வருவோம். ஒட்டாமல் பழகுகிறவரைத் தாமரை இலைத் தண்ணீர் என்போம். ஓர் உலோகத் தகட்டின் மேல் தண்ணீர் ஒட்டாத, மின்சாரமும் கடத்தாத மெல்லிய காப்புப் படலம் பூசி, அதில் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் விடுங்கள், முத்தாக நிற்கும். சொட்டில் ஒரு கம்பியைச் செருகி, கம்பிக்கும் தகட்டுக்கும் இடையே மின்னழுத்தம் கொடுத்தால் முத்து சப்பையாகிப் படியும். நிறுத்தினால் மறுபடி குவியும். பாதரசத்தில் இதன் முன்னோடியை 1875இல் ஆராய்ந்தவர் காப்ரியேல் லிப்மன். காப்புப் படலம் வைக்கும் யோசனை பிரான்சின் புரூனோ பெர்ஜ் 1993இல் சொன்னது. அந்தத் துளியையே லென்ஸாக்கி, கண்ணாடியை நகர்த்தாமல் ஃபோகஸ் செய்யும் கேமராக்கள் வந்துவிட்டன. மின்னழுத்தத்தை இரட்டித்தால் விளைவு நான்கு மடங்கு. ஆனால் ஓர் அளவுக்கு மேல் துளி பரவ மறுக்கிறது. ஏன் என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. எனக்குப் பிடித்தது இந்தச் சண்டைதான்.

எண்ணூருக்கே திரும்புவோம். கடற்காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடிப்பது வடசென்னையில் யாருக்கும் புதிதில்லை. அதே உப்பு, கம்பியின் மின்சாரம் டவருக்குப் பாயாமல் கம்பியைத் தாங்கி நிற்கும் பீங்கான் இன்சுலேட்டரிலும் படிகிறது. பீங்கானில் தண்ணீர் பரவி நிற்கும். பனி இறங்கியதும் உப்பு கரைந்து அந்த ஈரப்படலம் மின்சாரத்துக்கு வழிவிடும், சில நேரம் பளீரென்று தீப்பொறி பாய்ந்து லைனே டிரிப்பாகும். மழை வந்து கழுவ வேண்டும், இல்லாவிட்டால் ஆள் வந்து கழுவ வேண்டும். சிலிகான் ரப்பர் இன்சுலேட்டரில் தண்ணீர் தனித்தனி முத்தாக நிற்பதால் மின்சாரத்துக்குத் தொடர்ச்சியான பாதை கிடைப்பதில்லை. ஆனால் அங்கேயும் துளிகள் மின்புலத்தின் திசையில் நீளும், ஒன்றையொன்று தொடப் பார்க்கும். நுனிகளில் கசியும் மின்சாரம் ரப்பரின் ஒட்டாத குணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். அப்புறம் சில நாள் காய்ந்து கிடந்தால், ரப்பருக்குள்ளிருந்து எண்ணெய்ப் பசை மேலே ஊறி வந்து, போன குணம் பெரும்பாலும் திரும்பிவிடும். பீங்கானுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பேத்தியைக் கூட்டிக்கொண்டு மறுநாளும் போனேன். வெயில் ஏறியிருந்தது, துளியெல்லாம் காய்ந்துவிட்டது. "கம்பி தூங்கிடுச்சா?" என்று கேட்டாள்.