ஃபர்னஸுக்கு வலை மாட்டலாமா? செல்லாயிக்கு வந்த 212 டாலர் பில்!

வணக்கம் மக்களே. முதலில் இந்தக் காகிதத்தைப் பாருங்கள். கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன், ஃபோகஸ் ஆகட்டும்... ம், ஆச்சு. எங்கள் ட்ரெய்லர் வீடு செல்லாயிக்குச் சக்கர பேரிங்கில் கிரீஸ் வைக்க விட்டிருந்தோம் இல்லையா, அந்தக் கடையில் கொடுத்த பில். கிரீஸ் வேலைக்குப் பேசிய தொகைதான் போட்டிருக்கிறார்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. அதற்குக் கீழே பாருங்கள். "வென்ட் பாதுகாப்பு பேக்கேஜ்", 212 டாலர். யார் கேட்டது? நான் கேட்கவில்லை, இவரும் கேட்கவில்லை.

என்ன பாதுகாப்பு என்று வெளியே போய்ப் பார்த்தால், ட்ரெய்லரின் பக்கவாட்டில் இருக்கும் ஓட்டைகளில் எல்லாம் கம்பி வலை மாட்டி வைத்திருக்கிறார்கள். குளிருக்கு உள்ளே சூடு தருகிற ஃபர்னஸுக்கு வட்ட வலை, வாட்டர் ஹீட்டருக்குச் சதுர வலை, ஃப்ரிட்ஜ் வென்ட்டுக்கு நீள நீளமான பட்டைகள். இதே வலை சாமான் கடையில் ஒன்று பதினைந்து டாலருக்குத் தொங்குகிறது. மீதி கூலியாம். கூலியைக்கூட விடுங்கள். கடைசி வரியில் "ஷாப் சப்ளைஸ்" என்று தனியாக 14 டாலர்! ஸ்பிரிங்கை இழுத்து மாட்டுகிற வேலைக்கு என்ன சப்ளைஸ்? எண்ணெயா, பிசினா, துணியா? கவுன்டரில் இருந்தவரிடம் கேட்டேன். "அது எல்லா பில்லிலும் வரும்" என்றார். வரட்டும், இந்த வேலையில் என்ன பொருள் செலவானது என்று மட்டும் காட்டுங்கள் என்றேன். மேனேஜர் வந்தார். நான் நகரவில்லை. பின்னால் வரிசை நின்றது, இவர் காரில் போய் உட்கார்ந்துகொண்டார். கடைசியில் அந்த 14 டாலரைத் திருப்பி வாங்கிவிட்டுத்தான் வந்தேன். 212 போனதே என்று இவர் கேட்கிறார். போகட்டும், 14 வந்ததா இல்லையா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆர்வி, அதாவது இந்த மாதிரி உள்ளேயே தங்கிப் பயணம் போகிற வண்டி வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் இந்த வலையை மாட்டியிருப்பீர்கள். காரணமும் நியாயமானதுதான். டெக்சஸில் மண் குளவிகளுக்குப் பஞ்சமே இல்லை. நிழல், மழை படாத இடம், விரல் நுழையும் ஓட்டை, இந்த மூன்றும் இருந்தால் போதும், மண்ணைக் குழைத்து அறை கட்ட ஆரம்பித்துவிடும். ஒவ்வோர் அறையிலும் கொட்டி மயக்கிய சிலந்திகளை அடுக்கி, முட்டையிட்டு, வாயை மண்ணால் அடைத்துவிட்டுப் போய்விடும். அதுபாட்டுக்குத் தனியாக வேலை பார்க்கிற பூச்சி, சும்மா வந்து நம்மைக் கொட்டாது. எனக்கு அதன் மேல் கோபமே இல்லை.

அம்மாவும் இப்போது இங்கேதான் இருக்கிறார், போன வீடியோவில் பார்த்தீர்கள். பழைய குளவிக்கூட்டை நான் உடைக்கப் போனதும் ஓடி வந்து கையைப் பிடித்துவிட்டார். குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கப்போகிறது என்று அர்த்தமாம், உடைக்கக் கூடாதாம். அம்மா, இது ட்ரெய்லர், யாருக்குப் பிறக்கும் என்றால், "உனக்கென்ன தெரியும், மண்ணு என்ன நிறம்னு பாரு" என்கிறார். நிறத்தை வைத்து ஆணா பெண்ணா என்றும் சொல்லிவிடுவாராம். ஆளுக்கு ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு நான் உடைத்துவிட்டேன்.

சிலந்தியும் லேசுப்பட்டதல்ல. ஃபர்னஸிலும் ஹீட்டரிலும் எரிகிற புரொப்பேன் கேஸுக்குத் தானாக வாசனை கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டன் சேர்க்கிறார்கள். அந்த நாற்றத்துக்குத்தான் சிலந்தி வருகிறது என்பது ஆர்விக்காரர்கள் வழக்கமாகச் சொல்வது. கேலியாகத் தோன்றினால் இதைக் கேளுங்கள்: 2011-இல் மஸ்டா கம்பெனி அமெரிக்காவில் சுமார் 52,000 மஸ்டா 6 கார்களைத் திரும்ப அழைத்தது. காரணம், பெட்ரோல் டேங்கின் காற்றுக்குழாயில் ஒரு வகை மஞ்சள் நிறச் சிலந்தி வலை பின்னியதுதான். 2014-இல் மறுபடியும் அழைத்தார்கள்.

ஆக, பூச்சி வரும், அதில் சந்தேகமில்லை. அப்படியென்றால் எனக்கு என்ன கோபம்? ஃபர்னஸில் போட்டார்களே, அதுதான்.

எங்கள் ஃபர்னஸ் சபர்பன் கம்பெனியுடையது. நான் மேனுவல் படிக்கிற ஆள் என்பது உங்களுக்குத் தெரியும், மிக்ஸி போட்டு பிரேக்கர் விழுந்த வீடியோவில் முக்கால்வாசி நேரம் மேனுவல்தானே படித்தேன், திட்டினீர்களே. அந்த சபர்பன் மேனுவலில் எச்சரிக்கை என்று தலைப்புப் போட்டே எழுதியிருக்கிறார்கள்: எந்தக் காரணத்துக்காகவும் வென்ட்டின் மேல் வலை மாட்டாதே, வலை அடைத்துக்கொண்டால் ஃபர்னஸ் ஓடுவது ஆபத்து. செய்த கம்பெனியே வேண்டாம் என்று அச்சடித்திருக்கிற ஒன்றை, கேட்காமலே மாட்டி, அதற்குப் "பாதுகாப்பு" என்று பெயரும் வைத்துப் பணம் வாங்கினால் எரிச்சல் வராதா?

ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு பங்கு புரொப்பேன் சரியாக எரிய ஏறக்குறைய 24 பங்கு காற்று வேண்டும். சாதாரண ஜன்னல் கொசுவலையிலேயே மூன்றில் ஒரு பங்கு இடத்தைக் கம்பியே பிடித்துக்கொள்ளும், அது புத்தம் புது வலையில். ஃபர்னஸ் வென்ட்டில் ஒரு வழியாகக் காற்று உள்ளே போகிறது, இன்னொரு வழியாகப் புகை வெளியே வருகிறது. புரொப்பேன் எரிந்தால் தண்ணீர் ஆவியும் வரும். அந்த ஈரத்தில் ரோட்டுத் தூசி, பஞ்சு, பூச்சி இறக்கை எல்லாம் ஒட்டி வலையில் ஒரு படலம் கட்டும். வாயில் துணியைக் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறச் சொன்னால் எப்படி இருக்கும், ஃபர்னஸுக்கும் அந்தக் கதிதான். காற்று குறைந்தால் நெருப்பு அரைகுறையாக எரியும், கரி பிடிக்கும், கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. நாம் தூங்கிக்கொண்டிருப்போம். செல்லாயிக்குள் படுக்கிற மூன்று பேரில் ஒருத்திக்கு ஏழு வயது.

"அப்போ குளவி கட்டினால் மட்டும் அடைக்காதா?" அடைக்கும், நன்றாகவே அடைக்கும். குளவிக்கூட்டின் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு விமானமே இருக்கிறது. 1996 பிப்ரவரி 6, டொமினிகன் குடியரசின் புவெர்ட்டோ பிளாட்டாவில் இருந்து கிளம்பிய பிர்கனேர் 301, போயிங் 757. கிளம்பிய சில நிமிடங்களில் கடலில் விழுந்தது, 189 பேரும் போய்விட்டார்கள். வேகம் காட்டும் பிட்டோ குழாய்களில் ஒன்று அடைத்திருந்தது, மண் குளவி கூடு கட்டியிருக்க வேண்டும் என்பதுதான் விசாரணை செய்தவர்களின் ஊகம். குழாய் கடைசிவரை கிடைக்கவில்லை. விமானம் தரையில் நின்றபோது அந்தக் குழாய்களுக்கு மூடி போடாமல் விட்டிருந்தார்கள்.

அதைப் படித்தபோதுதான் எனக்கு வழி தெரிந்தது. விமானத்தில் என்ன செய்கிறார்கள்? நிற்கும்போது மூடி, பறக்கும்போது மூடி கிடையாது. மூடியில் சிவப்பு ரிப்பன் தொங்கும், மறக்க முடியாது. ஃபர்னஸுக்கும் அதேதான் வேண்டும். யோசித்துப் பாருங்கள், குளவி கட்டுவது வெயில் காலத்தில். டெக்சஸில் அப்போது யார் ஃபர்னஸ் போடுகிறார்கள்? மாதக்கணக்கில் சும்மா கிடக்கிற ஓட்டை அது. மேற்கு டெக்சஸின் டேவிஸ் மலைக்குப் போய் முதல் குளிர் இரவில் ஸ்விட்ச் போடும்போதுதான் உள்ளே மண் இருப்பதே தெரியும். ஆகவே ஸ்டோரேஜில் நிற்கும்போது வலை இருக்கட்டும். குளிர்காலம் வருவதற்கு முன் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்து, பகலில் ஒரு தடவை ஓடவிட்டு, அப்புறம் கிளம்பலாம். 212 டாலர் வலைக்கும் ஒரு வேலை கிடைத்தது.

இந்த ரிப்பன் பாருங்கள். ஜடை ரிப்பன்! அம்மா பேத்திக்குத் திருநெல்வேலியில் இருந்து கொண்டுவந்தது, இவள் தலையில் கட்ட மாட்டேன் என்றுவிட்டாள். ஒன்று வெளியே வலையில். இன்னொன்று உள்ளே, ஃபர்னஸை ஆன் செய்கிற தெர்மோஸ்டாட்டில், அதுதான் முக்கியம். வெளியே இருப்பது இருட்டில் யாருக்குத் தெரியும்?

கழற்றுவது எப்படி என்று காட்ட வேண்டும். இந்த வலைக்குப் பின்னால் சின்ன ஸ்பிரிங், அது வென்ட்டின் இடுக்கில் கொக்கி போட்டு நிற்கும். கூடவே ஒரு கம்பிக் கொக்கி கொடுப்பார்கள், சுத்த வேஸ்ட். வளைகிறது, வழுக்குகிறது, ஸ்பிரிங் பறந்து போய் புல்லில் விழுகிறது, அப்புறம் தேடு. மூக்கு நீண்ட குறடு உள்ளே போகாது. கடைசியில் அம்மாவின் குரோஷா ஊசியை எடுத்தேன். பாருங்கள்... உள்ளே விட்டு... லேசாகத் திருப்பி... வந்துவிட்டது! அந்த வளைவு இதற்கென்றே செய்த மாதிரி. இன்னொரு தடவை காட்டுகிறேன். அழகாக இல்லை? இரும்பு ஊசியாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் உடைந்துவிடும்.

அய்யோ, முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். இதில் கை வைக்கும் முன் தெர்மோஸ்டாட் ஆஃப், வாட்டர் ஹீட்டர் ஆஃப், சிலிண்டர் வால்வு மூடி, எல்லாம் ஆறிய பிறகுதான் தொட வேண்டும். ஃபர்னஸ் வாய் தோலை உரித்துவிடும். இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும், எடிட்டில் முன்னால் போட்டுவிடுகிறேன்.

வாட்டர் ஹீட்டர் வேறு கதை. அது பெரிய கதவு, திறந்தால் பர்னர் கண்ணுக்கே தெரியும். சில மாடல்களின் மேனுவலில் அதற்கும் வலை கூடாது என்று இருக்கிறது, உங்களுடையதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் வலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் முகாம் போட்டதும் நெருப்பைப் பார்ப்பேன். நீலமாக, உறுமலோடு எரிந்தால் நிம்மதி. மஞ்சளாக, சோம்பலாக ஆடினால் பர்னர் குழாயில் சிலந்தி வலை இருக்க வாய்ப்பு உண்டு. குழாயை மெல்லிய பிரஷால் சுத்தம் செய்யலாம். ஆனால் கேஸ் வருகிற அந்தக் குட்டி ஓட்டையில் ஊசி, கம்பி எதையும் விடாதீர்கள், ஓட்டை பெரிதானால் அளவே மாறிவிடும். குரோஷா ஊசியும் கூடாது, தெரியும், கேட்பீர்கள்.

ஃப்ரிட்ஜ் பட்டைகளில் மேல் வரிசையை எடுத்துவிட்டேன். நம்முடையது கம்ப்ரஸர் இல்லாத பழைய அம்மோனியா ஃப்ரிட்ஜ். பின்னால் சூடான காற்று தானாக மேலே ஏறிப் போனால்தான் உள்ளே குளிரும். 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில் அந்த வழியை அடைத்தால் 40 டிகிரிக்குக் கீழே நிற்கவே நிற்காது. எனக்குத் தெர்மாமீட்டர்கூட வேண்டாம், இட்லி மாவு சொல்லிவிடும். காலையில் டப்பா மூடி தூக்கிக்கொண்டு நின்றால் வென்ட்டைப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். கீழ் வரிசையில் மட்டும் அகலக் கண்ணுள்ள வலை வைத்திருக்கிறேன், குளவிக்கு அது போதும், குட்டிச் சிலந்தியை அது தடுக்காது.

கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள், அதற்கு ஆயுள் தேதி இருக்கும். டெஸ்ட் பட்டன் கத்தினாலும் தேதி முடிந்தால் மாற்ற வேண்டியதுதான். அந்தக் கடைக்காரர் பார்க்க வேண்டியது அதை. பார்க்கவில்லை.

அடுத்த வீடியோ கூரை மேலே, வெயில் இறங்கினால் ஏணி போடுகிறேன். அம்மா இப்போதே வேண்டாம் என்கிறார், அங்கேயும் ஒரு கூடு இருக்கிறதாம்.