‘அடிமைத்தனம்’ என்று எழுதலாமா?

வணக்கம். தேவகோட்டையிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார். கட்டுரையில் ‘அடிமைத்தனம்’ என்று எழுதினாராம். “அடிமையிலேயே மை விகுதி இருக்கிறது, அப்புறம் எதற்குத் தனம்?” என்று ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்துவிட்டாராம். கூடவே அடிமை, கொத்தடிமை, கைதி மூன்றுக்கும் என்ன வேறுபாடு என்றும் கேட்கிறார்.

ஆசிரியர் சொன்னதில் பாதி சரிதாம்மா. சிறுமை, வறுமை என்பவை போல அடிமையும் ஒரு நிலையைக் குறிக்க வந்த சொல். சோம்பல் ஒருவனைப் பகைவருக்கு ‘அடிமை புகுத்தி விடும்’ என்கிறது 608ஆம் குறள். அங்கே அடிமை என்றால் ஆள் இல்லை, நிலைமை. ஆளைச் சொல்ல ‘ஆள்’ என்றே ஒரு சொல் இருந்தது. நம்மூர் சிவன் கோயிலில் ஓதுவார் பாடும்போது கவனித்துக் கேளுங்கள். சுந்தரர் திருவாரூர்ப் பதிகம் ஒன்றை ‘மீளா அடிமை உமக்கே ஆளாய்’ என்று தொடங்குகிறார். ஒரே வரியில் இரண்டும் வந்துவிட்டன: அடிமை என்பது நிலை, ஆள் என்பது மனிதர்.

பின்னால் அந்த மனிதரையே அடிமை என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். அப்படி ஆனதும் நிலையைச் சொல்ல ஒரு வால் தேவைப்பட்டது. தனம் வந்து ஒட்டிக்கொண்டது. ‘அவன் ஓர் அடிமை’ என்பதை ஏற்றுக்கொள்கிறவர் ‘அடிமைத்தனம்’ என்பதை மட்டும் அடிப்பது நியாயமில்லை. நானாக இருந்தால் மதிப்பெண்ணைக் குறைத்திருக்க மாட்டேன்.

அந்த ‘மீளா’ என்ற சொல்லையும் கொஞ்சம் பாருங்கள். காரைக்குடியில் எந்த அடகுக் கடை வாசலில் நின்றாலும் காதில் விழும்: “நகையைத் திருப்பியாச்சா?” திருப்புவதும் மீட்பதும் ஒன்றுதான். தவணை தாண்டினால் “மூழ்கிப் போச்சு” என்பார்கள். சுந்தரர் தன்னைத் திருப்பவே முடியாத அடகாக வைத்துவிட்டதாகச் சொல்கிறார், அதுவும் பெருமையாக! அப்பரும் அப்படித்தான். ‘நாமார்க்கும் குடியல்லோம்’ என்று தொடங்குகிறார். இந்தக் குடி வேறு, ஓர் அரசனின் கீழ் இருக்கும் குடி. யாருக்கும் கீழ்ப்பட்டவர் இல்லை என்றவர், அதே பாட்டில் சிவனுக்கு ‘மீளா ஆளாய்’ என்று முடிக்கிறார்.

சரி, கொத்தடிமைக்கு வருவோம். இதன் வேர் கடன். கையில் விலங்கு இருக்காது, வாசலில் பூட்டும் இருக்காது. செங்கல் காளவாசலில் முன்பணம் வாங்கிய குடும்பம், “பணத்தை அடைத்துவிட்டுப் போ” என்ற ஒரே வார்த்தையில் அங்கேயே கிடக்கும். வேறு வேலைக்குப் போக முடியாது, ஊருக்குப் போக முடியாது, உரிய கூலியும் கிடைக்காது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் இதை ஒழித்தது. அந்தக் கடனும் செல்லாது என்றது. செய்தித்தாளில் ‘கொத்தடிமைகள் மீட்பு’ என்று போடுகிறார்கள் அல்லவா? அடகுக் கடைச் சொல் அங்கே பொருத்தமாகத்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் எழுதிக் கொடுத்துவிட்டு வேலை பார்க்கிற எல்லாரும் கொத்தடிமை ஆகிவிட மாட்டார்கள். எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, ரங்கூனில் ஒரு வட்டிக்கடையில் ஏஜெண்டாக இருந்தார். அந்தக் காலத்தில் கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் பார்க்கப் போகிறவர்கள் முதலாளிக்குச் சம்பளச் சீட்டு என்ற ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பார்கள். பெரும்பாலும் மூன்று வருஷக் கணக்கு. அதுவரை பெண்டாட்டி பிள்ளை முகம் பார்க்க முடியாது. “சீட்டுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தேன்” என்பார். கட்டுப்பட்டவர்தான், அடிமைப்பட்டவர் இல்லை. கணக்கை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறி வந்து அடுத்த முறை வேறு முதலாளியிடமும் போகலாம். அந்த ‘வேறு’தான் கொத்தடிமைக்குக் கிடையாது.

கைதியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அரபியிலிருந்து வந்த சொல். சட்டப்படி அடைக்கப்பட்டவர். தீர்ப்பு வராதவர் விசாரணைக் கைதி, வந்தவர் தண்டனைக் கைதி. இப்போது ‘சிறைவாசி’ என்றும் எழுதுகிறார்கள், கேட்க மரியாதையாக இருக்கிறது. ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: கைதி விடுதலை ஆவார். ‘கைதியை மீட்டார்கள்’ என்று எழுதினால், யாரோ ஜெயிலை உடைத்துக் கூட்டிக்கொண்டு போன கதையாகிவிடும்.