க்யூ.ஈ.டூ-வும் வாழவந்தியும்

(ஏற்காட்டில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியது. கேட்டவர்களில் சிலர் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். கைதட்டலையும், நடுவில் மைக் கரகரத்ததையும் மட்டும் எடுத்துவிட்டேன்.)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, இந்தக் குளிரிலும் வேட்டி சட்டையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் புலவர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் காப்பியைப் பற்றிப் பேச வந்து என் நேரத்தில் பாதியையும் சேர்த்துக் குடித்துவிட்ட தோட்ட அதிபர் அவர்களே, இருபது கொண்டை ஊசி வளைவையும் தலை சுற்றாமல் கடந்து வந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா அவர்களே (அம்மாவுக்கு ஏதோ தலை சுற்றியதாம், மன்னிக்கவும், சுற்றினாலும் வந்தார்கள் என்று திருத்திக்கொள்கிறேன்), மைக் செட் தம்பி, அப்புறம் பின்னால் ஏலக்காய் டீயோடு நிற்கும் நண்பர்களே, எல்லாருக்கும் வணக்கம். யாருடைய பேராவது விட்டுப்போயிருந்தால் கோபிக்க வேண்டாம். பேரைப் பற்றிப் பேச வந்தவனே பேரை விட்டுவிட்டான் என்று வெளியில் சொல்லாமல் இருந்தால் போதும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, சொகுசுக் கப்பல்களின் செல்லப் பேர்கள். கடலே இல்லாத சேலத்துக்காரனுக்குக் கப்பல் தலைப்பா என்று தலைவர் என்னை அறிமுகம் செய்யும்போதே சிரித்தார். ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். நீங்கள் பார்க்கிற இந்த ஏற்காட்டு ஏரிப் படகு எதுவும் நீந்தி மேலே வரவில்லை, லாரியில் ஏறித்தான் வந்தது. அதனால் எனக்கும் பேச உரிமை உண்டு.

மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். ஒன்று, கப்பலுக்குச் செல்லப் பேர் வைப்பது யார். இரண்டு, கப்பலை ஏன் பெண்ணாகவே பேசுகிறார்கள். மூன்று, நீளமான பேர் எப்படிச் சுருங்குகிறது.

ஸ்காட்லாந்தில் 1967-ல் ஒரு கப்பலைத் தண்ணீரில் இறக்கினார்கள். இறக்கி வைத்தவர் எலிசபெத் மகாராணியே. பேர் குயின் எலிசபெத் டூ. அதிலும் அந்த இரண்டை ராஜவம்சத்து ரோமன் எழுத்தில் போடாமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுதுகிற சாதாரண 2-ஆகப் போட்டார்கள். அவ்வளவு பெரிய பேரைத் துறைமுகத்துக் கூலிக்காரனும், கப்பல் சமையல்காரனும், டிக்கெட் எடுத்த சீமாட்டியும் மூன்றே அசையில் முடித்துவிட்டார்கள்: க்யூ.ஈ.டூ. 2008-ல் ஓய்வு கொடுத்து, இப்போது துபாய் துறைமுகத்தில் ஓட்டலாக மிதந்துகொண்டிருக்கிறது. துபாயில் வேலை பார்க்கும் நம் சேலத்துப் பையன்களும் அதை க்யூ.ஈ.டூ என்றுதான் சொல்கிறார்கள், மகாராணி ஞாபகமே யாருக்கும் கிடையாது.

க்யூ.ஈ.டூ-வை ஓட்டிய அதே கப்பல் கம்பெனி 2004-ல் குயின் மேரி டூ என்று இன்னொன்றை விட்டது. அது க்யூ.எம்.டூ. பழைய குயின் மேரி கலிபோர்னியாவில் லாங் பீச் என்ற ஊரில் 1967 முதல் கரையோரம் கட்டிப்போட்டுக் கிடக்கிறது. நம் வீடுகளில் பாட்டி பேரைப் பேத்திக்கு வைத்துவிட்டு, மாமியார் பேரை வாயால் சொல்லக்கூடாது என்று மருமகள் அந்தப் பிள்ளையைப் பாப்பா, குட்டி என்றே கூப்பிட்டுக்கொண்டிருப்பாள் இல்லையா, அந்த மாதிரிக் கதைதான் இதுவும். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. புதுக் கப்பலில் இருக்கிற ஊதுகுழல்களில் ஒன்று பழைய குயின் மேரியில் இருந்து கழற்றி மாட்டியது. 2006-ல் பேத்தி லாங் பீச் பக்கம் போனபோது இரண்டும் மாறி மாறி ஊதிக்கொண்டன. பாட்டி குரலில் பாட்டிக்கே வணக்கம் சொல்லியிருக்கிறது. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பாட்டிக்கும் ஒரு பட்டப் பேர் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் அலங்காரத்தையெல்லாம் பிடுங்கிவிட்டுச் சாம்பல் பெயின்ட் அடித்துப் பட்டாளத்தை ஏற்றினார்கள். நீர்மூழ்கிகள் பிடிக்க முடியாத வேகம். அதனால் சாம்பல் பேய் என்று பேராகிவிட்டது. 1943-ல் ஒரே நடையில் 16,000-க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிப்போனது. டைட்டானிக்கைத் தெரியாதவர் இந்தக் கூட்டத்தில் இல்லை, ஆனால் அதன் அக்கா ஒலிம்பிக்கை எத்தனை பேருக்குத் தெரியும்? 1911-ல் இருந்து 1935 வரை ஓடியது, நடுவில் போர்க்காலத்தில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியை முட்டியே மூழ்கடித்தது. அதை ஓல்ட் ரிலையபிள் என்றார்கள். கிழவிதான், ஆனால் நம்பி ஏறலாம் என்ற அர்த்தத்தில். முழுகினவள் புகழோடு இருக்கிறாள், ஒழுங்காக வேலை செய்தவளை ஆள் தெரியவில்லை. இது நம் ஆபீஸ்களிலும் நடக்கிற கதைதான், விடுங்கள்.

1982-ல் அர்ஜென்டினாவோடு நடந்த பாக்லாந்து போருக்கு பிரிட்டன்காரர்கள் கான்பெரா என்ற சொகுசுக் கப்பலில் சிப்பாய்களை அனுப்பினார்கள். வெள்ளை வெளேர் என்று இருந்ததால் பெரிய வெள்ளைத் திமிங்கிலம் என்று பேர் வைத்தார்கள். வைத்தது யார்? கப்பல் கம்பெனியா? இல்லை. அதில் படுத்து எழுந்த சிப்பாய்கள். அது துரு வழிய ஊர் திரும்பியபோது துறைமுகமே திரண்டு வந்து வரவேற்றது. ஆக முதல் விஷயம் முடிந்தது. கம்பெனி வைக்கிற பேர் பெயின்ட் மாதிரி மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். கூடவே வாழ்ந்தவன் வைக்கிற பேர்தான் செல்லப் பேர். எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, பார்க்காமலே இன்னொன்றோடு ஒப்பிட்டு வைப்பது செல்லப் பேரே அல்ல. இதை நினைவில் வையுங்கள், பின்னால் ஏழைகளின் ஊட்டி விஷயத்துக்கு வருவேன்.

நமக்கும் ஒரு கப்பல் இருந்தது, ரஜூலா. 1926-ல் கிளாஸ்கோவில் கட்டி, 1973 வரை சென்னைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய் வந்துகொண்டிருந்தது. நாகப்பட்டினத்தையும் தொட்டுப் போகும். அக்கரைச் சீமைக்குப் போன தமிழ்க் குடும்பங்களில் பாதி அதன் டெக்கில் படுத்து எழுந்தவர்கள்தான். எங்கள் பெரியப்பாவும் அப்படி பினாங்குக்குப் போய், கை நிறைய இல்லாவிட்டாலும் மடி நிறைய என்கிற அளவுக்குச் சம்பாதித்துத் திரும்பியவர்.

வந்த காசில் ஒரு மாட்டு வண்டி வாங்கினார். பலகையில் நீலப் பெயின்டில் ரஜூலா என்று எழுதினார். ஆடும், ஆனா கொட்டாது, அதான் அந்தப் பேரு என்பார். லீ பஜாரில் மூட்டை ஏற்றி அம்மாப்பேட்டைக்கு அடிப்பார். கொஞ்ச நாளில் தெரு முழுக்க, ரஜூலா வந்திருச்சா, ரஜூலாவைப் பத்திக்கிட்டு வா என்றுதான் பேச்சு. வண்டி என்ற சொல்லே போய்விட்டது.

அதே தெருவில் எதிர்வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் பினாங்கில் இருந்தார். அந்த வாரம் ஊருக்கு வருகிறார். எதில்? ரஜூலாவில். நிஜ ரஜூலாவில்.

ஒருநாள் மத்தியானம், ஏரிக்கரை மேட்டில் பெரியப்பா வண்டியின் கடையாணி கழன்று, சக்கரம் தனியாக ஓடி, வண்டி சாய்ந்துவிட்டது. கூட இருந்த பொடியன் தெருவுக்குள் ஓடி வந்தான். குடைசாஞ்சிருச்சு என்று சொல்லியிருந்தால் எல்லாரும் பிழைத்திருப்போம், வண்டி என்று புரிந்திருக்கும். அந்தப் பாவி, ரஜூலா கவுந்துருச்சு, ரஜூலா கவுந்துருச்சு என்று கத்திக்கொண்டே போனான்.

எதிர்வீட்டு அக்கா அடுப்பில் இருந்த புளிக்குழம்பை அப்படியே விட்டுவிட்டு வாசலில் விழுந்தார். ஐயோ, எஞ்சாமி, கடல் கொண்டுபோயிருச்சே என்று ஒரு குரல். அவ்வளவுதான், தெருப் பெண்கள் அத்தனை பேரும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். தறிச் சத்தம் நின்றுபோயிற்று. தறிச் சத்தம் நிற்பது என்றால் எங்கள் பக்கம் அது சாவுதான். திண்ணையில் இருந்த ஒருத்தர் நேத்தே ரேடியோவில புயல்னு சொன்னான் என்றார். இன்னொருத்தர் நாகப்பட்டினத்துப் பக்கத்திலதானாம் என்றார். பாதி மணி நேரத்துக்குள் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பது வரைக்கும் கணக்கு வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா வருகிறார். தலையெல்லாம் வைக்கோல், ஒரு முழங்கால் தேய்ந்திருக்கிறது, கையில் வளைந்த கடையாணி. என்னம்மா ஆச்சு என்று கேட்டார். ரஜூலா முழுகிப்போச்சுண்ணா என்றார்கள். எங்கள் பெரியப்பா அப்படியே நின்றார், கடையாணி கையில் இருந்து விழுந்தது. ஐயோ, நான் வந்த கப்பலாச்சே என்று துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்! எல்லாரையும்விட அவர் அழுகைதான் பெரிசு. கடைசியில் அந்தப் பொடியன்தான் பக்கத்தில் போய், மாமா, நான் உங்க வண்டியத்தானே சொன்னேன் என்று மெதுவாக இழுத்தான். அதற்கப்புறம் எதிர்வீட்டு அக்கா விளக்குமாற்றை எடுத்தது பெரியப்பாவுக்கா, பொடியனுக்கா என்று இன்னும் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி இருக்கிறது. வீட்டுக்காரர் சொன்னபடி பத்திரமாக வந்து சேர்ந்தார், ஒரு டின் பிஸ்கட்டும் குடையுமாக. அந்த அம்மா கடைசி வரை பெரியப்பா வண்டியில் ஏறவில்லை.

ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்றால் இதுதான். கப்பலே ஏறாவிட்டாலும் அதன் பேர் ஏறிவிட்டது.

ரஜூலாவுக்குப் பிறகு எம்.வி. சிதம்பரம் ஓடியது, 1985-ல் நடுக்கடலில் தீப்பிடித்தபின் அந்தப் போக்குவரத்தே நின்றது. இப்போது நம் ஆட்கள் சொகுசுக் கப்பல் என்றால் 2022-ல் சென்னையில் இருந்து கிளம்பிய கார்டிலியாவைத்தான் சொல்கிறார்கள். கார்டிலியா என்பது கம்பெனி பேர் ஐயா! கப்பல் பேர் எம்பிரஸ். 1990-ல் நார்டிக் எம்பிரஸ் என்று பிறந்து, அப்புறம் எம்பிரஸ் ஆஃப் தி சீஸ் ஆகி, வால் நறுக்கப்பட்டு வெறும் எம்பிரஸாக நம்மிடம் வந்தது. அந்த ஆஃப் தி சீஸ் வாலைச் சுமக்கிற கப்பல்கள் இன்னும் நிறைய. 2024-ல் வந்த ஐகான் ஆஃப் தி சீஸ் கிட்டத்தட்ட 365 மீட்டர் நீளம். அடிக்கடி போகிறவர்கள் வாலை விட்டுவிட்டு ஐகான், ஓயாசிஸ், சிம்பனி என்று நிறுத்திக்கொள்கிறார்கள். மூன்றாவது விஷயமும் இதில் அடங்கிவிட்டது. இரண்டாவதை, கப்பல் ஏன் பெண் என்பதை, தலைமையாசிரியை அம்மாவுக்கு விட்டுவிடுகிறேன், அவர் சொன்னால்தான் அடி விழாது.

இனி நான் உண்மையில் எதற்காக வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பார்க்கட்டும்.

இந்த ஏரியில் மிதிபடகு இருக்கிறது, துடுப்புப் படகு இருக்கிறது, மோட்டார் படகு இருக்கிறது. ஒன்றுக்காவது பேர் இருக்கிறதா? நம்பர். ஏழாம் நம்பர், டைம் முடிஞ்சிருச்சு, கரைக்கு வாங்க என்று மைக்கில் கூப்பிடுகிறார்கள். ரேஷன் கடையா இது? கீழே பூலாம்பட்டியில் பாருங்கள், காவிரியில் நெரிஞ்சிப்பேட்டைக்குப் போகிற விசைப்படகில் பைக்கை ஏற்றிக்கொண்டு ஜனங்கள் போகிறார்கள், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்பதை அங்கே தினமும் பார்க்கலாம். அந்த ஊரைக் குட்டி கேரளா என்று பேப்பர்காரன் எழுதுகிறான். நம்மை ஏழைகளின் ஊட்டி என்கிறான். ஏன், ஏற்காடு ஏற்காடாக இருந்தால் யாருக்கு என்ன வலிக்கிறது? ஊட்டியை யாராவது பணக்காரர்களின் ஏற்காடு என்று எழுதியிருக்கிறார்களா? வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன லேடீஸ் சீட், டவுன் பஸ்ஸில் எழுதியிருப்பது மாதிரி இருக்கிறது. அதை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை, பழகிவிட்டது. புதிதாக வைப்பதையாவது நாம் வைப்போமே.

என் கோரிக்கை ரொம்பச் சின்னது. ஒவ்வொரு படகுக்கும் இந்த மலையின் ஊர்ப் பேரை வையுங்கள். நாகலூர், மஞ்சக்குட்டை, தலைச்சோலை, வாழவந்தி. வாழவந்தி என்று ஒரு படகு தண்ணீரில் வருவதை நினைத்துப் பாருங்கள், இங்கிலாந்து மகாராணிக்குக் கிடைக்காத பேர் அது. பெரிய மோட்டார் படகுக்குக் கிளியூர் வையுங்கள், ஏரி நிரம்பினால் தண்ணீர் போய்ச் சேருகிற அருவி அதுதானே. வைத்த மறுமாசமே படகோட்டிகள் வந்தி, நாகு என்று சுருக்கிவிடுவார்கள். தாராளமாகச் சுருக்கட்டும். வந்தியில பெடல் லூசா இருக்கு, இன்னைக்கு விடாத என்று ஒருத்தன் சொல்லுவான். ஏழாம் நம்பருக்கு அப்படி யாரும் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

இதை மனுவாக எழுதி ஓர் அலுவலகத்தில் கொடுத்தேன். வாங்கியவர் படித்துப் பார்த்துவிட்டு, இது எந்த செக்‌ஷன் சார் என்று என்னையே கேட்டார். தனி ஆள் கொடுத்தால் கோப்பில் போய்ப் படுத்துவிடுகிறது, கையெழுத்து நிறைய வேண்டும்.

பின்னால் டீ வைத்திருக்கும் மேசையில் தாள் இருக்கிறது, பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறேன், யாரும் கழற்ற வேண்டாம். பேருக்குப் பக்கத்தில் ஊரையும் எழுதுங்கள். மலைக்கிராமத்துக்காரர்கள் உங்கள் ஊர்ப் பேரில் படகு வேண்டும் என்றால் கடைசிக் கட்டத்தில் குறியுங்கள், ஒரே ஊருக்கு இரண்டு பேர் சண்டை போட்டால் சீட்டுக் குலுக்கலாம். தோட்ட அதிபர் ஐயா முதல் கையெழுத்துப் போடுவதாக என்னிடம் சொல்லியிருக்கிறார், மேடையிலேயே சொல்லிவிட்டதால் இனி அவர் மாற முடியாது. கீழே சேலம் போகிறவர்கள் கையெழுத்தைப் போட்டுவிட்டே பஸ்ஸைப் பிடியுங்கள், டிரைவரும் இங்கேதான் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். வணக்கம்.