கேஸ் தீர்ந்து நாலு நாள்

நேயர்களுக்கு வணக்கம். வேலூர் மண்டித் தெருவில் 35 வருஷம் கணக்கு எழுதியவன் நான். அரிசி, பருப்பு, எண்ணெய், மிளகாய் என்று எல்லாம் மூட்டைக் கணக்கு. எங்காவது புயல், வெள்ளம், கலவரம் என்றால் பொருள் சேர்ப்பவர்கள் முதலில் மண்டிக்குத்தான் வருவார்கள். அப்படித்தான் இந்த நிவாரண வேலை என்னிடம் ஒட்டிக்கொண்டது. கணக்கு எழுதுவதை விட்ட பிறகும் இதை விட முடியவில்லை. வீடு வாசலை இழந்து வந்து நிற்பவர்களுக்கு உதவுவதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். கொடுப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேளுங்கள். நடுநடுவே இதையே திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2020 மார்ச் 25, ஊரடங்கு. வேலூர்க்காரர்களுக்கு இது தெரியும், வெளியூரில் கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் கடைப் பலகைகள் வங்காள எழுத்தில் இருக்கும், மளிகைக் கடையில் கடுகு எண்ணெய் கிடைக்கும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கெங்கிருந்தோ வைத்தியத்துக்கு வந்து, லாட்ஜில் ரூம் எடுத்து, அடுப்பும் பாத்திரமும் நாள் வாடகைக்கு வாங்கி, தாங்களே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு மாதக்கணக்கில் தங்கியிருப்பார்கள். ரயில் நின்றதும் அத்தனை பேரும் ரூமுக்குள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். கையில் இருந்த பணம் வைத்தியத்தில் கரைந்துவிட்டது, வாடகை ஏறிக்கொண்டே போனது, பாஷையும் தெரியாது. அவர்களை அகதிகள் என்று யாரும் பதிவு செய்யவில்லை. ஆனால் ஊருக்குப் போக முடியாமல், இங்கே இருக்கவும் வழியில்லாமல் தவிப்பவர்களை வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது?

நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து சமைத்து, பொட்டலம் கட்டி, லாட்ஜ் லாட்ஜாகக் கொண்டு போனோம். ஒரு நாள் புளிசாதம், ஒரு நாள் எலுமிச்சை சாதம், ஒரு நாள் சாம்பார் சாதம். பத்தாவது நாளோ பதினோராவது நாளோ எங்கள் பையன் ஒருவன் கோபமாக வந்தான். "ரெண்டாவது மாடியில ஒரு அம்மா பொட்டலத்த வாங்கி வாங்கி ஜன்னல் மேலயே வெக்குது சார், பிரிக்கறதே இல்ல. நாம எதுக்கு வெயில்ல அலையணும்?"

எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் மண்டியில் ஒரு பழக்கம் உண்டு. மூட்டை திரும்பி வந்தால் முதலில் மூட்டையைத்தான் பிரித்துப் பார்ப்போம், வாங்கினவரைத் திட்ட மாட்டோம். அதனால், அந்த லாட்ஜிலேயே வேலை பார்த்து வங்காளம் பேசப் பழகியிருந்த ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு மேலே போனேன்.

சின்ன ரூம். ஜன்னல் விளிம்பில் நாலு பொட்டலம் ரப்பர் பேண்டு கழற்றாமல் இருந்தது, எண்ணெய் ஊறி நியூஸ்பேப்பர் கறுத்துப் போயிருந்தது. மூலையில் 5 கிலோ அரிசிப் பை, பாதி அரிசி அப்படியே இருக்கிறது. பக்கத்தில் கடுகு எண்ணெய் பாட்டில், ஒரு சுரைக்காய். அப்புறம் அந்தச் சின்ன சிலிண்டர், நிற்க வைக்காமல் தரையில் படுக்க வைத்திருந்தார்கள். தீரப்போகிற கேஸைக் கடைசி வரைக்கும் எடுக்க நம் வீட்டுப் பெண்களும் அப்படித்தான் செய்வார்கள், பார்த்திருப்பீர்கள். அந்த அம்மாவின் கணவருக்குக் கிட்னி கோளாறு. உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் எழுதிய சீட்டை எடுத்துக் காட்டினார். எங்கள் புளிசாதத்தை அவருக்கு எப்படிக் கொடுப்பார்? கேஸ் தீர்ந்து நாலு நாள் ஆகிவிட்டதாம். நாலு நாளும் பொரியைத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அப்படியானால் பொட்டலத்தை எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்கச் சொன்னேன். பையன் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். "வேண்டாம்னு சொன்னா கொண்டு வர பிள்ளைங்க மனசு கஷ்டப்படும்னு வாங்கிச்சாம் சார்."

அரிசி இருந்தது, எண்ணெய் இருந்தது, சமைக்கத் தெரிந்த கை இருந்தது. இல்லாதது கேஸ் ஒன்றுதான். அந்தச் சிலிண்டரை நிரப்ப ஆகிற பணம், அந்த ரூமுக்கு நாங்கள் கொடுத்த பொட்டலங்களின் செலவை விடக் குறைவு. பதினோரு நாள் வாசலில் நின்று கொடுத்துவிட்டுப் போனோமே தவிர, ஒரு நாள்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ரூம் ரூமாகப் போனோம். கேஸ் வேண்டும் என்றார்கள். ஊரில் விட்டு வந்த பிள்ளைகளோடு பேச போன் ரீசார்ஜ் வேண்டும் என்றார்கள். பெரியவர்களுக்கு டயப்பர், பெண்களுக்கு நாப்கின், தீர்ந்து போன மாத்திரை. சாப்பாட்டுப் பொட்டலம் வேண்டும் என்று சொன்னவர்களும் இருந்தார்கள், அவர்களுக்குத் தொடர்ந்து கொடுத்தோம். மே மாதத்தில் காட்பாடியிலிருந்து சிறப்பு ரயில்கள் கிளம்புகிற வரைக்கும் அந்த நோட்டை வைத்துத்தான் வேலை நடந்தது.

எனக்கு இந்த விஷயம் அதற்குப் பல வருஷம் முன்னாலேயே புரிந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமி, தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 8,000 பேரைக் கொண்டு போனது. வேலூரில் தெருத்தெருவாகத் துணி சேர்த்து ஒரு லாரி நிறைய நாகப்பட்டினத்துக்குக் கொண்டு போனோம். போய்ப் பார்த்தால் சாலை ஓரமெல்லாம் துணி, மலை மலையாக. கிழிந்த புடவை, பட்டன் இல்லாத சட்டை, நம் ஊர் கடும் வெயிலுக்கு ஸ்வெட்டர். மழையில் நனைந்து, மாடு மிதித்து, எடுப்பார் இல்லாமல் கிடந்தது. அந்த மீனவர்கள் முந்தின வாரம் வரை சொந்தப் படகில் போய் மீன் பிடித்து வாழ்ந்தவர்கள், அடுத்தவர் கழித்த துணியை அவர்கள் ஏன் உடுத்த வேண்டும்? ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார், "வல வேணும் தம்பி, துணி வேணாம்." உள்ளாடையும் நாப்கினும் யார் லிஸ்டிலும் இல்லையே என்று பெண்கள் எங்களோடு வந்த பெண்களிடம் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். டெல்லியைச் சேர்ந்த கூஞ்ச் என்ற அமைப்பு அங்கே வீணாகக் கிடந்த துணியை எடுத்துத் தரம் பிரித்துப் பயன்படுத்தியது. பழந்துணியைச் சுத்தம் செய்து மாதவிலக்குக்கு உதவும் துணியாக்குவதையே அவர்கள் ஒரு பெரிய வேலையாகச் செய்கிறார்கள்.

அப்படியானால் பணமாகவே கொடுத்துவிடலாமே என்பீர்கள். கடை திறந்திருக்கிற இடத்தில் பெரும்பாலும் அதுதான் நல்லது. உடனே யாராவது, குடித்துவிடுவார்கள் என்று சொல்வார்கள். உலக வங்கியைச் சேர்ந்தவர்கள் பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து, கையில் பணம் கொடுத்ததால் குடியும் புகையும் கூடவில்லை என்று 2014இல் எழுதினார்கள். என் அனுபவமும் அதுதான், பிள்ளை பசியோடு இருக்கும்போது ஒரு தாய்க்கு எதை வாங்குவது என்று நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

கேட்காமல் கொடுப்பதை விட மோசமானது, கேட்காமல் குறைப்பது. என் பாட்டி அவளுடைய பாட்டி சொன்னதாகத் தாது வருஷத்துப் பஞ்சத்தைப் பற்றிச் சொல்வாள். 1876 முதல் 78 வரை, நம் வட ஆர்க்காடும் தப்பவில்லை. நிவாரண வேலையில் மண் வெட்டியவர்களுக்கு, கல் உடைத்தவர்களுக்குக் கூலியை ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி 1877இல் குறைத்தார். ஒரு ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும். ஒரு பவுண்டு என்றால் ஏறக்குறைய 450 கிராம். தராசில் போட்டுப் பாருங்கள், நாள் முழுக்கக் கல் உடைக்கிற உடம்புக்கு அது எந்த மூலைக்கு? மதராஸில் சுகாதார கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ், இது ஆளைக் கொல்லும் அளவு என்று எதிர்த்தார். கூலி மறுபடி கூட்டப்பட்டது, ஆனால் அதற்குள் போன உயிர் போனதுதான்.

அது வெள்ளைக்காரன் காலம் என்று விட்டுவிட முடியாது. வங்கதேசத்தில் காக்ஸ் பஜார் பக்கம் மியான்மரிலிருந்து தப்பி வந்த 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் முகாம்களில் இருக்கிறார்கள். உலக உணவுத் திட்டம் அவர்களுக்குத் தலைக்கு மாதம் 12 டாலர் கொடுத்து வந்தது, அவரவரே கடைக்குப் போய் வேண்டியதைப் பார்த்து எடுத்துக்கொள்ளும்படி. நல்ல ஏற்பாடு. 2023இல் நன்கொடை குறைந்ததும் அதை 10 ஆக்கி, பிறகு 8 ஆக்கினார்கள். 8 டாலர் என்றால் அப்போது ஏறக்குறைய 650 ரூபாய், ஒரு ஆளுக்கு ஒரு மாதம். அடுத்த வருஷம் கூட்டினார்கள் என்றாலும், இடையில் அரை வயிற்றோடு வளர்ந்த குழந்தைகளின் உடம்பில் அந்தக் குறை தங்கிவிடாதா?

இதற்கெல்லாம் ஒரு அளவு இருக்கிறது. பல நாட்டுத் தொண்டு நிறுவனங்களும் செஞ்சிலுவைச் சங்கமும் 1997இல் கூடி ஆரம்பித்தது, ஸ்ஃபியர் என்று பெயர். நெருக்கடியில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 2,100 கலோரி உணவு. 15 லிட்டர் என்றால் நம் வீட்டு பிளாஸ்டிக் குடம் ஒன்று. குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாம் அதற்குள். சித்திரை மாதத்தில் குழாயடியில் நின்ற வேலூர்ப் பெண்களுக்கு ஒரு குடம் எவ்வளவு தூரம் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், இன்னும் மூன்று நிமிஷம்தானாம். இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிற நம் மேல்மொணவூரைப் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலூருக்கும் இலங்கைக்கும் உறவு பழையது. கண்டியின் கடைசி அரசனை 1816 முதல் 1832இல் அவர் இறக்கும் வரை நம் கோட்டையில்தான் வைத்திருந்தார்கள், பாலாற்றங்கரையில் அவர் சமாதி இருக்கிற முத்து மண்டபம் இருக்கிறது. 1983க்குப் பிறகு வந்தவர்கள் அரசர்கள் இல்லை, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த சாதாரண ஜனங்கள். முகாம்களில் பத்துக்குப் பத்து அறையில் ஒரு குடும்பம் என்று முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. 2021இல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். புது வீடு கட்டும் திட்டத்தையும் முதலமைச்சர் மேல்மொணவூரில்தான் தொடங்கினார். 2023 செப்டம்பரில் பல மாவட்டங்களில் கட்டிய 1,591 வீடுகளை அங்கிருந்தே திறந்து வைத்தார்கள். பல வருஷம் முன்னால் நான் ஒரு முகாமுக்குப் போர்வை கொண்டு போனபோது ஒரு அக்கா சொன்னார், "போர்வை கனக்க இருக்கு அண்ணா. பிள்ளை ராவில படிக்க ஒரு லைட் தந்தால் காணும்." போர்வை நிறைய இருக்கிறது, ஒரு லைட் கொடுத்தால் போதும் என்கிறார். அன்றைக்கே போய் லைட் வாங்கி வந்தோம். அந்தப் பிள்ளையின் படிப்பைப் பற்றித்தான் சொல்ல நினைத்தேன், நேரம் இல்லை.

கடைசியாக ஒன்று, அவசரமாகச் சொல்கிறேன். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள், அந்த மழையில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து 9 பேர் இறந்தார்கள். விருதம்பட்டு, சேண்பாக்கம் மாதிரி ஆற்றோரம் இருப்பவர்கள் ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் ஒரு நோட்டு போடுங்கள். எந்த வீட்டில் படுக்கையில் இருப்பவர், எந்த வீட்டில் கைக்குழந்தை, யாருக்கு டயாலிசிஸ், யாருக்கு இன்சுலின், மண்சுவர் வீடு எது. மண்டபத்தில் கொண்டு வந்து சேர்த்த பிறகு கேட்டால் யாருக்கும் ஞாபகம் வராது. வீட்டு வாசலில் உட்கார்ந்து இப்போதே கேட்டு எழுதுங்கள், நோட்டை இரண்டு பேர் வீட்டில் வையுங்கள், ஒன்று நனைந்தாலும் இன்னொன்று இருக்கும். வணக்கம்.